பி.எஃப். பாஸ்புக்: பிள்ளைக்கான ஜீவனாம்சக் கணக்கில் எந்த அளவு கைகொடுக்கும்?

ஐந்தொகை போட்டுப் பழகிய செட்டிநாட்டிலும் ஜீவனாம்ச வழக்கு என்று வந்துவிட்டால் ஜீவனாம்சம் தர வேண்டியவர் சம்பளச் சீட்டின் கடைசி வரியைத்தான் நீட்டுகிறார்: ‘கைக்கு வருவது இவ்வளவுதான்.’ காரைக்குடி கோர்ட்டில் மனுப் போடும் முன், பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் ஆன்லைன் பாஸ்புக் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வருமான வரியையும் கட்டாய பி.எஃப். பிடித்தத்தையும் கழிக்கக் கோர்ட் பொதுவாக ஒப்புக்கொள்ளும். தானாகக் கூட்டிக் கட்டும் பி.எஃப்., எல்.ஐ.சி., சீட்டுப் பணம் எல்லாம் சேமிப்புதான். பிள்ளைக்குப் பின்னால்தான் அவற்றுக்கு இடம். ஆனால் பாஸ்புக்கில் விருப்பத் தொகைக்குத் தனிக் கட்டம் இல்லை. தொழிலாளர் பங்கோடு கலந்தே வரும். இது பெரிய குறை.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. அந்த மாத முதலாளி பங்கையும் பென்ஷன் பங்கையும் கூட்டுங்கள். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் (அடிப்படையும் அகவிலைப்படியும்) ₹30,000 என்றால் 2,350 + 1,250 = 3,600; அதாவது 12 சதவீதம். தொழிலாளரின் கட்டாயப் பங்கும் அதே அளவுதான். தொழிலாளர் பங்கு 9,000 என்று இருந்தால், மீதி ₹5,400 அவராகக் கட்டுவது. அதை வருமானத்தில் திரும்பச் சேர்க்கக் கேட்கலாம். முதலாளி ₹15,000 வரம்புக்கு மட்டும் (மாதம் 1,800) கட்டும் இடங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

வீட்டு வாடகைப்படி, இன்சென்டிவ் எதுவும் பாஸ்புக்கில் வராது. அடிப்படைச் சம்பளத்தை 15,000-ல் நிறுத்தி, மற்றதைப் படிகளாகக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. பாஸ்புக்கை மட்டும் நம்பினால் அறுபதாயிரம் வாங்குபவரும் ஏழையாகத் தெரிவார். சொந்த பி.எஃப். டிரஸ்ட் வைத்திருக்கும் நிறுவன ஊழியர்களுக்கு இந்தப் பாஸ்புக்கே கிடைக்காது. 2003 ஏப்ரலுக்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு பென்ஷனுக்காக 10 சதவீதம் கட்டாயப் பிடித்தம். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்), பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும். பழைய பாஸ்வேர்டை வைத்து நுழைய வேண்டாம். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, மூன்று வருடப் பாஸ்புக்கையும் ஃபார்ம் 16-ஐயும் (முதலாளி தரும் வருமான வரிப் பிடித்தச் சான்று) எதிர்த்தரப்பே தாக்கல் செய்ய உத்தரவு கேளுங்கள். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, வழக்கு நோட்டீஸ் போன தேதிக்குப் பிறகு பி.எஃப்.-லிருந்து எடுத்த அட்வான்ஸ்.