இப்போதே வாங்குவதா, இலவசமாகும் வரை இருப்பதா: பாத் ஆஃப் எக்ஸைல் 2-க்கு ஒரு கணக்கு

அக்கா மகன் புதுச்சேரியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. லாஸ்பேட்டையில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாமா, பாத் ஆஃப் எக்ஸைல் ரெண்டு ஏர்லி ஆக்சஸ் வாங்கலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." மறுநாள் காலையில் அக்காவின் போன். "ஆன்லைன் கேமுக்கெல்லாம் தடை போட்டாச்சுன்னு டிவில சொன்னாங்களே, இவன் என்னடா அதுக்குக் காசு கேக்கறான்?"

அக்காவுக்குப் பதில் சொல்வது சுலபம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத்தான் தடை செய்தது. இது வேறு. ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அதை வளர்த்து, அரக்கர்களை அடித்துக்கொண்டே போகிற விளையாட்டு. இதில் எவ்வளவு ஜெயித்தாலும் கட்டின காசு திரும்பி வராது. அந்த வகையில் அக்கா கவலைப்படுவதும் நியாயம்தான்.

பையனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை போதாது. அவன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, 30 டாலர் கொடுத்து, இன்னும் முடியாத பாத் ஆஃப் எக்ஸைல் 2-க்குள் (சுருக்கமாக பிஓஇ 2) இப்போதே போவது. இரண்டு, முழு விளையாட்டு வெளிவரும்போது இலவசம் என்று தயாரித்த கிரைண்டிங் கியர் கேம்ஸே சொல்லிவிட்டதால் அதுவரை இருப்பது, இடையில் பசித்தால் 2013-லிருந்தே இலவசமாக இருக்கும் பழைய பிஓஇ-யை விளையாடுவது. மூன்று, இதே ரகத்தில் ஏர்லி ஆக்சஸ் கட்டத்தைத் தாண்டி முடிந்துவிட்ட லாஸ்ட் எபோக்கை வாங்கிக்கொள்வது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏர்லி ஆக்சஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். முடிந்துபோன விளையாட்டுக்குள் நாலு நாள் முன்னால் விடுவது ஒன்று. டயப்லோ 4-ஐ 2023-இல் அப்படித்தான் விற்றார்கள். கூடுதல் விலைப் பதிப்பு வாங்கியவர்களுக்கு ஜூன் 2, மற்றவர்களுக்கு ஜூன் 6. லாஸ்ட் ஆர்க் இன்னும் வேடிக்கை: 2022 பிப்ரவரி 11-இல் இலவசமாகத் திறக்கப்போகிற கேமுக்குள் மூன்று நாள் முன்னதாக நுழைய ஒரு கட்டணம். அதற்கெல்லாம் நான் ஒரு ரூபாய் கொடுக்கமாட்டேன். முதல் நாள் முதல் காட்சிக்கு ஐந்து மணிக்கே போய் நிற்கிற ஆசாமிகள் கொடுக்கலாம், அது அவரவர் இஷ்டம். பையன் கேட்பது மற்ற சரக்கை, அதாவது பாதி கட்டிய வீட்டில் குடியேறுவதை.

நானே குடியேறியவன்தான். பிஓஇ 2 நம் நேரப்படி 2024 டிசம்பர் 7, நள்ளிரவு 12:30-க்குத் திறந்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால்தான் ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்திருந்தது. அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில் தென்பெண்ணை பொங்கி, கடலூரில் ஆற்றை ஒட்டிய ஊர்களெல்லாம் மிதந்தன. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு கரண்ட் வந்துவிட்டது, ஆனால் ஃபைபர் வயர் வேப்பமரக் கிளையோடு தரையில் கிடந்தது. கேபிள்காரருக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். "சார், ஊரே தண்ணியில கிடக்கு, உங்களுக்கு என்ன சார் அவசரம்?" என்றார். உண்மையான அவசரம் என்னவென்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயர் ஒட்டி, நூறு ஜிபி இறங்கி, நான் உள்ளே போனபோது திறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளில் கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை வழியாக மட்டும் ஒரே நேரத்தில் 5.7 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் விளையாடி, க்யூவில் நின்று, சர்வரைத் திட்டி, எந்த ஆயுதம் தேறும் எது தேறாது என்று ஒரு தீர்ப்புக்கும் வந்துவிட்டிருந்தார்கள். என்னோடு சேர்ந்து வாங்கின வில்லியனூர் நண்பன் மூன்றாவது ஆக்டில், அதாவது கதையின் மூன்றாவது பாகத்தில் இருந்தான். நான் ஆற்றங்கரையில் எழுந்து, முதல் பெரிய எதிரியான (பாஸ்) ஊதிப்போன மில்காரனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். வாரியரை எடுத்திருந்தேன். அவன் கதாயுதத்தை ஓங்கி இறக்குவதற்குள் மில்காரன் இரண்டு குத்து குத்திவிடுவான். ஸ்பேஸ் பாரைத் தட்டிப் புரண்டு ஒதுங்க வேண்டும், ஓங்கும்போதே பார்த்துப் புரள வேண்டும். மூன்றாவது தடவை விழுந்தான். அந்த ஐந்து நிமிஷத்திலேயே விளையாட்டின் தரம் தெரிந்துவிட்டது: அடி கனமாக விழுகிறது, சாவு நம் தப்பால்தான் வருகிறது. ஆனால் நண்பனோடு சேர்ந்து தெரியாததைத் தேடுகிற சந்தோஷம் எனக்கு வாய்க்கவில்லை. எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருந்தது.

ஏர்லி ஆக்சஸில் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தனியாக விளையாடும் கேமில் இந்தக் கேள்வியே எழாது. பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபர் 6-இல் முதல் ஆக்டோடு மட்டும் முழு விலைக்கு வந்து, 2023 ஆகஸ்ட் 3-இல்தான் முழுசாக வந்தது. முன்னால் வாங்கியவர்களின் சேவ் கோப்புகள் முழுப் பதிப்புக்குச் செல்லவில்லை. மூன்று வருடம் பொறுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, கதை அப்படியே காத்திருந்தது. ஆன்லைன் கேமில் கூட்டம் காத்திருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். 30 டாலர் இன்றைய மதிப்பில் 2,600 ரூபாய்க்கு மேல். ஆனால் அந்தக் காசு உள்ளே நுழைகிற சாவிக்கு மட்டும் போவதில்லை, கூடவே விளையாட்டின் கடையில் செலவழிக்க 300 பாயின்டாக நம் கணக்கில் ஏறுகிறது. பிஓஇ-யை நூறு மணி நேரம் விளையாடுகிற யாரும் கடைசியில் டேப், அதாவது பொருள் வைக்கிற கூடுதல் பெட்டி வாங்காமல் இருப்பதில்லை. சேர்கிற பொருளை வைக்க இடம் போதாது, காசு கொடுத்து வாங்கின டேப் இல்லாமல் மற்றவர்களுக்கு விற்பனைக்கு வைப்பதும் சிரமம். ஆறு பிரீமியம் டேப் 200 பாயின்ட், கரன்சி டேப் 75 பாயின்ட். அதுவே 275. அதாவது நீண்ட நாள் விளையாடுவேன் என்று தெரிந்தவனுக்கு ஏர்லி ஆக்சஸ் ஏறக்குறைய ஓசி, எப்படியும் செலவழிக்கப்போகிற காசை முன்கூட்டியே கட்டுகிறான். இருபது மணி நேரத்தில் அலுத்துவிடும் ரகமென்றால் முழு 2,600-ம் நஷ்டம். (பழைய பிஓஇ-யில் ஏற்கெனவே 480 டாலர் செலவழித்திருந்தவர்களுக்குச் சாவியை இலவசமாகவே கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.)

இரண்டாவது வழி, பொறுத்திருப்பது. கேட்க நன்றாக இருக்கும், அதிலும் ஒரு செலவு மறைந்திருக்கிறது. பழைய பிஓஇ-யை விளையாடிக்கொண்டே இருக்கலாம் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2024 ஜூலையில் ஒரு லீக், அதாவது எல்லோரும் புதிதாகத் தொடங்குகிற ஒரு சீசன் வந்தது. அடுத்தது 2025 ஜூன் 13-இல்தான். வழக்கமாக மூன்று நான்கு மாதத்தில் வருவது கிட்டத்தட்ட பதினொரு மாதம் ஆனது, ஏனென்றால் ஆட்களையெல்லாம் பிஓஇ 2-க்கு இழுத்துவிட்டார்கள். புது வீடு கட்டுகிறவர்கள் பழைய வீட்டு ஓட்டைப் பார்க்க மாட்டார்கள், அதில் குடியிருப்பது நாம்தான் என்றாலும். அப்புறம் நிலைமை பரவாயில்லை, 2025 அக்டோபர் 31-இல் ஒரு லீக் வந்தது.

பொறுத்ததில் லாபமும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் பிஓஇ 2-க்கு வந்த 0.2 அப்டேட்டை நினைத்தால் இன்னும் கசக்கிறது. அரக்கர்கள் பாய்ந்து வருகிறார்கள், நம் ஆள் ஆமை மாதிரி நகர்கிறான். ஸ்டீமில் விமர்சனங்கள் கவிழ்ந்தன, தயாரிப்பாளர்கள் அடுத்தடுத்து திருத்தங்களை இறக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் காசு கொடுத்து உள்ளே வந்தவன் பாவம். ஆகஸ்ட் 29-இல் வந்த 0.3-இல் நிலைமை தலைகீழ். நான்காவது ஆக்ட் வந்தது. முதல் மூன்று ஆக்டையே இரண்டாம் தடவை ஓட வைக்கிற ஏற்பாட்டை எடுத்தார்கள். நாம் ஆன்லைனில் இல்லாதபோதும் பொருள் விற்கிற வசதி வந்தது. அந்த வார இறுதியில் எல்லோரையும் இலவசமாக உள்ளே விட்டார்கள் என்பது எங்கள் பையனுக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்திருந்தால் இந்த போனே வந்திருக்காது.

மூன்றாவது, லாஸ்ட் எபோக். 2019-இல் ஏர்லி ஆக்சஸுக்கு வந்து, ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே கிடந்து, 2024 பிப்ரவரி 21-இல் முழுசாக வெளிவந்தது. பிஓஇ அளவுக்கு ஆழம் கிடையாது என்பார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் திறனை எடுத்தால் என்ன நடக்கும் என்று அதற்குள்ளேயே புரிகிறது, பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு விளையாட வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது, கடலூர்க்காரனுக்கு அதுதான் முக்கியம்: நெட்டே இல்லாமல் விளையாடலாம். முழுப் பதிப்பு வந்த நாட்களில் அதன் ஆன்லைன் சர்வர் திணறியபோதுகூட ஆஃப்லைனில் விளையாடியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இங்கே சில இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வடகிழக்குப் பருவமழை வந்தால் முதலில் போவது கரண்ட், அடுத்து நெட், திரும்பி வருவதும் அதே வரிசையில்தான். கரண்ட் வந்து நெட் வராத அந்த இரண்டு மூன்று நாளை லாஸ்ட் எபோக்கில் ஓட்டலாம். பிஓஇ 2-இல் லாகின் திரையைத் தாண்ட முடியாது. கொஞ்சம் லெவல் ஏறினபிறகு லைன் நடுவில் அறுந்து ஆள் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளியும் கொஞ்சம் போகும்.

முடியாத விளையாட்டை வாங்கினால் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம் வீண் பயமல்ல. தி டே பிஃபோர் 2023 டிசம்பர் 7-இல் ஏர்லி ஆக்சஸாக வந்தது, நான்கு நாளில் நிறுவனமே மூடப்பட்டது, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேஃபைண்டர் அதே வருடம் ஆகஸ்டில் ஆன்லைன் கேமாக வந்தது, வெளியிட்ட நிறுவனம் பாதியில் விலகிக்கொண்டது. செய்தவர்கள் விடவில்லை. அடுத்த வருடமே நெட் தேவையில்லாத, ஒரு தடவை காசு கொடுத்தால் போதுமென்கிற விளையாட்டாக அதை மாற்றிக் காப்பாற்றினார்கள். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், பெயர் வேண்டாம். நிறுவனர் பேக் என்று ஒரு குதிரையும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். ஏழு மாதத்தில் சர்வரை அணைத்துவிட்டார்கள், குதிரை எங்கே போனதோ. பிஓஇ 2 விஷயத்தில் இந்தப் பயம் எனக்கு இல்லை. பழைய பிஓஇ-யைப் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள்.

ஸ்டீம் மூலம் வாங்குகிறவர்களுக்கு ரீஃபண்ட் விதி ஒன்று இருக்கிறது: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள். மில்காரனைத் தாண்டி முகாமுக்குப் போய், இரண்டு மூன்று காட்டுப்பகுதிகளைச் சுற்றுவதற்கு அந்த இரண்டு மணி நேரம் போதும். ஓங்கி அடிப்பதும் புரண்டு ஒதுங்குவதும் கைக்குப் பிடித்ததா இல்லையா என்று அதற்குள் தெரிந்துவிடும். முதல் ஆக்டின் முடிவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்தால் நேரம் தாண்டிவிடும்.

ஆக, பையனுக்கு என் பதில்: வாங்கு, ஆனால் இன்று வேண்டாம். லீக் பாதியில் உள்ளே போவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. பழைய பாத்திரங்களை அழிக்கமாட்டார்கள்தான், ஆனால் பெரிய அப்டேட்டோடு புது லீக் திறந்தால் சந்தையும் கூட்டமும் அங்கே போய்விடும், எல்லோரும் ஒன்றாம் லெவலிலிருந்து தொடங்குவார்கள். அடுத்த பெரிய அப்டேட் வரட்டும். அவன் ரூமில் இரண்டு பேர் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள், ஆறு பேர் வரை சேர்ந்து விளையாடலாம், செமஸ்டர் தேர்வும் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். ரூமில் யாருமே வாங்கவில்லை என்றால் இலவசமாகும் வரை இரு என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்காக வாங்குவதென்றால், இந்த மழைக்காலத்துக்கு லாஸ்ட் எபோக், சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் போனில் சொன்னேன். "ஒரே வார்த்தைதானே மாமா கேட்டேன்" என்றான்.

"சரி, ரூம்ல நெட் எப்படி?"

"மொபைல் ஹாட்ஸ்பாட் மாமா. ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி."

நூறு ஜிபி இறக்க ஐம்பது நாள். அதற்குள் லீக் பாதி முடிந்திருக்கும். முன்கூட்டியே இறக்கி வைத்துவிடலாம் என்று சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூர் வரச் சொன்னேன். எங்கள் வீட்டில் 40 எம்பிபிஎஸ், ஒழுங்காக வந்தால் ஐந்தரை மணி நேரத்தில் இறங்கிவிடும், பையன் அதற்குள் சில்வர் பீச் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வரலாம். காலை பத்து மணிக்கே வந்துவிட்டான். சிங்கப்பூர் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்புகிற நேரமான பிங் 50 மில்லிசெகண்டை ஒட்டி வந்தது, சென்னையிலிருந்து கடலுக்கடியில் நேராகக் கேபிள் போகிற புண்ணியம். அப்புறம் சி டிரைவைத் திறந்து பார்த்தோம். 38 ஜிபிதான் காலி. மீதி இடத்தையெல்லாம் காலேஜ் கல்ச்சுரல்ஸ் வீடியோ அடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து, இதை அழிக்கலாமா மாமா, இது வேணும் மாமா என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான்.