செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெயா, ஸ்பிரிட்டா, உரக்கடை மருந்தா?

மாடியில் செம்பருத்தி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது நடந்திருக்கும். போன வாரம் பளபளவென்று இருந்த கொழுந்து சுருண்டு குட்டையாகிக் கிடக்கும். கணு இடுக்கெல்லாம் பஞ்சைத் திணித்து வைத்தாற்போல் வெள்ளை. பத்துப் பேரிடம் கேட்டால் பத்து வைத்தியம் வரும். அவற்றில் ஐந்தை என் செடிகளிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன்.

மருந்துக்கு முன்னால் ஒரு சோதனை. கிளையை உலுக்குங்கள். வெள்ளையாக எழும்பிப் பறந்தால் அது வெள்ளை ஈ. அசையாமல் ஒட்டிக்கிடந்தால்தான் மாவுப்பூச்சி. அதிலும் பல வகை உண்டு. குச்சி நுனியால் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாகக் கசிந்தால் அநேகமாகச் செம்பருத்திக்கென்றே பேர்போன இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. கொழுந்தை முறுக்கிவிடுவது பெரும்பாலும் இதுதான். மஞ்சளாகக் கசிந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விஷயமெல்லாம் அந்த வெள்ளை மெழுகில் இருக்கிறது. பூச்சியின் உடம்பில் மெழுகு, முட்டைகள் நூற்றுக்கணக்கில் கிடக்கும் பஞ்சுப்பையிலும் மெழுகு. தண்ணீரில் கரைத்த எதுவும் அதன்மேல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். மெழுகு இல்லாமல் இருப்பது அப்போதுதான் பொரித்து ஊர்ந்து வரும் குஞ்சு மட்டும். அதனால் எந்த மருந்தையும் நான் இரண்டே கேள்விகளால் எடை போடுகிறேன். மெழுகைத் தாண்டுகிறதா? தாண்டி, கூடவே யாரைக் கொல்கிறது?

இஞ்சி-பூண்டு-பச்சைமிளகாய் கரைசல் முதல் கேள்வியிலேயே தோற்றுவிட்டது. இலை கடிக்கும் புழுக்களை விரட்ட உதவலாம், அதை மறுக்கவில்லை. மெழுகுக்குள் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறவனுக்குக் கார நெடி ஒரு பொருட்டா? மூன்று வாரம் அடித்தேன். பூச்சி அப்படியே இருந்தது, மிக்ஸி ஜாரில் வாசனையும் அப்படியே இருந்தது.

மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் இதற்கு நேர் எதிர். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்துப் பூச்சிமேல் வைத்தால், வெள்ளை மறைந்து உள்ளே இருக்கும் நிறம் கண்ணெதிரே தெரியும். மெழுகு போனதும் கதை முடிந்தது. ஆனால் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஒன்றிரண்டு தொட்டி, ஆரம்பக் கட்டம் என்றால் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. பத்துச் செடியில் பரவிய பிறகு இடுப்புதான் ஒடியும்.

காதி சோப்பும் வேப்பெண்ணெயும் போட்டியாளர்கள் மாதிரி பேசப்படுகின்றன. எனக்கு அவை கூட்டாளிகள். சோப்பு நீர் பட்ட குஞ்சு சாகும். காய்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் மெதுவாக வேலை செய்யும், பூச்சி தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். வெயிலில் அதுவும் சிதைந்துபோகும் என்பதால் ஒரு தடவை அடித்துவிட்டு இருக்க முடியாது. நான் போடும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 5 கிராம் காதி சோப். எண்ணெயை முதலில் சோப்புக் கரைசலில் நன்றாக அடித்துக் கலந்து, பிறகே மீதித் தண்ணீர். பால் மாதிரி வெளுக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். ஒரு சித்திரையில் அவசரப்பட்டு, மிதந்த எண்ணெயோடு காலை பதினோரு மணிக்கு அடித்தேன். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. தப்பு மருந்தின்மேல் இல்லை. இப்போது மாலையில் மட்டும், அதுவும் முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பஞ்சை உதிர்த்துவிட்டு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கிறேன். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். முட்டையைத் தொட முடியாது. பொரித்து வருவதைத்தான் பிடிக்க முடியும்.

உரக்கடையில் கேட்டால் பெரும்பாலும் இமிடாகுளோப்ரிட் பாட்டிலை எடுத்து வைப்பார்கள். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. செடியின் சாற்றில் கலந்துவிடுவதால் மெழுகு அங்கே தடையே இல்லை. இரண்டாவது கேள்விதான் உதைக்கிறது. சாற்றில் கலந்தது தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும். செம்பருத்திக்குத் தேனீ வரும், தேன்சிட்டு வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த மருந்தைத் திறந்தவெளிப் பயிர்களில் தடைசெய்தது தேனீக்களுக்காகத்தான். அதைவிட நெருக்கமான காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது: இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிறோம், பூவில் தேநீர் போடுகிறோம். அந்தச் செடிக்கு இது வேண்டாம்.

ஐந்தாவது வழிக்குப் பாட்டில் கிடையாது, பொறிவண்டுதான். கிரிப்டோலேமஸ் என்று பெயர். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கறுப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை. வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். சிக்கல் என்னவென்றால் அந்தப் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அப்படி ஏழெட்டைத் தேய்த்துத் தள்ளிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீளநீளமான மெழுகுக் குஞ்சம், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும் உடல், தொட்டால் விறுவிறுவென்று நகர்தல்: இவை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இந்த வழியைக் குறைத்து எடை போடுகிறவர்கள் கோவைக்காரர்களைக் கேட்கலாம். 2008இல் அங்கே பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கான மல்பெரி என்று பரவியது, மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இமிடாகுளோப்ரிட் அடித்த மாடியில் இப்படி ஒரு காவலாளி பிழைப்பானா?

எதைத் தேர்ந்தாலும் எறும்பை விட்டுவிட்டால் வீண். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை விரட்டும். இலைமேல் படியும் கரும்பூஞ்சாணமும் அந்த இனிப்பில் வளர்வதுதான். ஸ்டாண்டின் கால்களைச் சோப்புத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் வைத்துவிட்டேன். வெறும் தண்ணீர் என்றால் கொசு முட்டை போடும். இலை சுவரைத் தொட்டால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும், எனவே தொட்டியை ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். முறுக்கிப்போன கொழுந்தை வெட்டி, உரக்குழியில் போடாமல், பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் போட்டுவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புகிறேன்.