மேட்டுப்பாத்திக்கு அடியில் என்ன போடலாம்: முழுக்க மண்ணா, மரக்கழிவா?

8 அடி நீளம், 4 அடி அகலம், 1½ அடி உயரப் பாத்திக்கு 48 கன அடி நிரப்புப் பொருள் வேண்டும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் சரிவில் இவ்வளவு மேல்மண்ணைச் சுமந்து ஏற்றுவதுதான் பெரிய வேலை.

முழுக்க மண் என்றால் இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு. கரட், பீட்ரூட்டுக்கு இதுதான் சரி. எரு பச்சையாக இருந்தால் கரட் கிளைத்துவிடும். தேயிலை மண் புளிப்பானது; நடுவதற்கு இரண்டு கிழமை முன்பே புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் சுமார் 300 கிராம் கலந்துவிடுங்கள்.

அடியில் 8 அங்குலம் மரக்கழிவு போட்டால் அதன் மேலே மண்கலவை சுமார் 27 கன அடி போதும், தண்ணீரும் தேங்காது. ஆனால் மரம் உக்கும்போது நைதரசனை இழுத்துக்கொள்ளும், கோவா இலை மஞ்சளாகும். பாதி உக்கிய கட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் மண்ணும் எருவும் திணித்தால் பாதிப்புக் குறையும். பச்சை யூகலிப்டஸ் வேண்டாம். பாத்தி ஆண்டுதோறும் இறங்கும், மேலே நிரப்பத்தான் வேண்டும்.

லீக்ஸ், கோவா, போஞ்சிக்கு மரக்கழிவுப் பாத்தியே போதும். கரட்டுக்கு மட்டும் சிறிதாக ஒரு மண்பாத்தி ஒதுக்குங்கள். இரண்டிலும் அடியில் பொலித்தீன் விரிக்காதீர்கள். பருவமழையில் வேர் அழுகிவிடும்.