1000 வாட்னு போட்ட க்ரோ லைட்டு, மீட்டர்ல 92 தான் காட்டுச்சு

கோயமுத்தூர்ல மொட்டமாடி ரூம்ல ஒன்றரை வருஷமா மைக்ரோக்ரீன்ஸ் (மொளச்சு கொஞ்ச நாள்லயே வெட்டி திங்கற குட்டிக் கீரை) வளக்கறேன். முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி, கூட கொஞ்சம் லெட்யூஸ். ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, அதுவும் வடக்கு பாத்து, அதனால செடி எல்லாம் நோஞ்சானா ஒசந்து சாஞ்சு போச்சு. சரி லைட்டு வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடி ஒரு "1000 வாட்" எல்இடி க்ரோ லைட்டு ஆர்டர் பண்ணேன். பிராண்டு பேரு வேண்டாம், இதே டப்பாவ பத்து பேருல வித்துட்டு இருக்காங்க.

வந்து மாட்டுனதும் ரூம் பூரா கத்திரிப்பூ கலரு. செடி இலை மஞ்சளாயிருக்கா பச்சையா இருக்கான்னே தெரியல, எல்லாமே கருப்பா தெரியுது. எதுத்த வீட்டு அக்கா ஒருநா கேட்டே போட்டாங்க, "ஏங்கண்ணு, ராத்திரில மேல டான்ஸ் கீன்ஸ் வெச்சிருக்கீங்களா"ன்னு.

ஒரு வாரம் கழிச்சு சாக்கெட்டுக்கும் ப்ளக்குக்கும் நடுவுல சொருகற எனர்ஜி மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து பாத்தேன். 92 வாட். ஆயிரம் எங்க தொண்ணூத்திரெண்டு எங்க! அப்பறம் தான் புரிஞ்சுது, உள்ள 100 எல்இடி இருக்கு, ஒவ்வொண்ணும் 10 வாட் தாங்கும்னு கணக்கு போட்டு ஆயிரம்னு எழுதிருக்காங்க. தாங்கறது வேற, இழுக்கறது வேற இல்லீங்களா. அதே மீட்டர்ல பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கற கரண்டுல எவ்வளவு நெஜமா வேலைக்கு ஆகுதுங்கற விகிதம், 0.55னு காட்டுச்சு. நம்ம வீட்டு ஈபி மீட்டர் யூனிட்டுக்குத்தான் காசு போடும், அதுனால பில்லுல இது தெரியாது, ஆனா இன்வெர்ட்டர்ல ஓட்டறவங்க கவனிங்க, 92 வாட் லைட்டு கிட்டத்தட்ட 167 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குனது, வாட்ட 0.55ஆல வகுத்தா வரும்) எடுத்துக்கும், நம்ம ஒரு கணக்கு வெச்சிருப்போம், கரண்டு போனப்ப இன்வெர்ட்டர் வேற கணக்கு சொல்லும்.

இதவிட எனக்கு கடுப்பானது ப்ளக்கு தாங்க. பாடி முழுக்க மெட்டல், ஆனா குடுத்தது ரெண்டு பின் ப்ளக்கு, எர்த்தே கெடையாது. தெனமும் ஸ்ப்ரேயர்ல தண்ணி அடிக்கற எடத்துல இது சரியா? எங்க எலக்ட்ரீசியன் அண்ணன் பாத்துட்டு தலைல கை வெச்சுட்டாரு. மூணு பின் வயர் மாத்தி பாடிக்கு எர்த் குடுத்து, அந்த ரூமுக்குன்னு தனியா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்சு) போட்டு விட்டாரு. சாக்கெட்ட ட்ரேக்கு மேல ஒசரத்துல வெச்சு, வயர கீழ தொங்கவிட்டு அப்பறம் மேல ஏத்துனா தண்ணி வழிஞ்சாலும் சாக்கெட்டுக்குள்ள போகாம தொங்கற எடத்துலயே சொட்டீரும்னு சொன்னாரு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரைல கெடக்கவே கூடாதுன்னு ஒரு திட்டு வேற.

செடிக்கு வேண்டியது வாட்டும் இல்ல லூமனும் இல்ல, லூமன் நம்ம கண்ணுக்கு. 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் உள்ள வெளிச்சம் செடி மேல எவ்வளவு விழுதுங்கறது தான் விஷயம், அத பிபிஎஃப்டினு மைக்ரோமோல்ல சொல்வாங்க. அதுக்கான மீட்டர் வெல ஜாஸ்தி. நான் ஃபோன்ல லக்ஸ் ஆப் (நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்த அளக்கறது) போட்டு பாத்தேன், வெள்ள எல்இடின்னா லக்ஸ சுமாரா 70ஆல வகுத்தா ஒரு அளவுக்கு தெரியும் (கத்திரிப்பூ கலருக்கு இந்த கணக்கு ஓடாது).

இப்ப என்ன பண்ணிருக்கேன்னா, நம்ம தெரு முக்கு எலக்ட்ரிகல் கடைல கெடைக்கற சாதா 4 அடி 20 வாட் எல்இடி பட்டி லைட்டு, தட்டுக்கு ரெண்டா ரெண்டு தட்டுக்கு நாலு. செடிக்கு முக்கா அடி மேல தொங்குது, 8000 லக்ஸ் காட்டுது, அதாவது 114 மைக்ரோமோல் பக்கம். 14 மணி நேரம் எரிஞ்சா மைக்ரோக்ரீன்ஸுக்கு தாராளம், தண்டு குட்டையா கெட்டியா வருது. வெத போட்டு முதல் மூணு நாலு நாள் மூடி இருட்டுலதான வெக்கறோம், அப்ப லைட்டே வேண்டாம், நான் இது தெரியாம ஆறு மாசம் சும்மா எரிச்சிருக்கேன். லெட்யூஸுக்கு மட்டும் இது பத்தாது, 200க்கு மேல வேணும், அதுக்கு சாம்சங் எல்எம்301 எல்இடியும் மீன்வெல் ட்ரைவரும் (எல்இடிக்கு கரண்டு குடுக்கற டப்பா) போட்ட வெள்ள போர்டு ஒண்ணு தனியா வாங்கிட்டேன். வெல கூடத்தான், ஆனா ஒரு ஜூலுக்கு எத்தன மைக்ரோமோல்னு, அதாவது எடுக்கற கரண்டுக்கு செடிக்கான வெளிச்சம் எவ்வளவு தருதுன்னு, ஸ்பெக்ல போட்டிருந்தான், 2.5க்கு மேல. இந்த நம்பர் போடாத லைட்ட நான் இனி தொடறதில்ல.

கரண்டு கணக்கு: நாலு பட்டி லைட்டு 80 வாட், 14 மணி நேரம், 60 நாளுக்கு 67 யூனிட். கேக்க கம்மியாத்தான் இருக்கு. ஆனா எங்க வீடு ரெண்டு மாசத்துக்கு 440 பக்கம் ஓடற வீடு, இதையும் சேத்தா 500 தாண்டீருச்சு, தாண்டுனா ரேட்டு டேபிளே மாறீரும், கீழ் ஸ்லாப்ல கெடைச்ச கம்மி ரேட்டும் போயிரும். அந்த ஏழு யூனிட்டுக்கு வந்த பில்ல பாத்து வீட்டுக்காரர் செடியப் பாத்த பார்வை இருக்கே... இப்ப இருட்டு நாளுக்கு லைட்ட அமத்தி, டைமர் ப்ளக் போட்டு 12 மணி நேரமா கொறச்சிட்டேன். டைமர சாயந்திரம் 6லிருந்து காலைல 6 வரைக்கும் வெச்சிருக்கேன், ராத்திரி ரூம் சூடு கம்மி. லைட்டு எடுக்கற வாட் அத்தனையும் கடைசில ரூம்ல சூடாத்தான் முடியும், ஏப்ரல் மத்தியானத்துல ஓட்டுனா எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாம கடுகு வெந்தே போயிரும்.

"1000 வாட்" லைட்டுக்கு அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். அதுல ஒண்ணு, கூட குடுத்த கயிறு கொக்கிக்கு. நெஜமாவே நல்ல கொக்கி, பட்டி லைட்டு இப்ப அதுலதான் தொங்குது.