மாத்திரை வீடு தேடி வருகிறது, மனுதான் அலைகிறது

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, லண்டனில் இருந்துகொண்டு செய்தியில் படித்தேன். சரி, இன்னொரு அரசுத் திட்டம் என்று கடந்துவிட்டேன். இந்த முறை ஊருக்குப் போனபோதுதான் அது நடக்கிற விதத்தைப் பார்த்தேன்.

பெரியம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. முன்பு மாத்திரைக்காக பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையம் போய் வரிசையில் நிற்பார். இப்போது ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். “என்ன அத்தை, போன மாசத்து மாத்திரையே மிச்சமிருக்கு, ராத்திரி போடறதில்லையா?” என்று அதட்டல் வேறு. வெளியூர் நர்ஸ் கேட்டிருந்தால் பெரியம்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியப்பாவுக்கு பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருகிறார்.

பெரியப்பாவுக்கு மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கப் போனதும் கதை வேறானது. சான்றுக்கு அரசு மருத்துவமனை, அட்டைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், உதவித்தொகை மனுவுக்கு தாலுகா ஆபீஸ், காப்பீட்டு அட்டைக்குத் தேவையான வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. போகிற இடமெல்லாம் அதே ஆதார் ஜெராக்ஸ். ஓரிடத்தில் ஆளை நேரில் கூட்டி வரச் சொன்னார்கள். கார் பிடித்து, தூக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனால் அன்றைக்கு டாக்டர் லீவு. மனிதர் நடக்க முடியாதவர் என்பது தெரிந்துதானே அரசு பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு அனுப்புகிறது? அந்தப் பதிவுக்கு இங்கே மதிப்பில்லை.

இங்கிலாந்தில் 2019-லிருந்து டாக்டர் கிளினிக்குகளில் லிங்க் ஒர்க்கர் என்று ஒருவரைப் பரவலாக நியமித்து வருகிறார்கள். கடன், வாடகை வீடு, தனிமை என்று மருந்தால் தீராத சிக்கல்களோடு வருபவர்களை டாக்டர் அவரிடம் அனுப்புவார். பல நேரம் அவரும் இன்னொரு இடத்துக்குக் கைகாட்டுவதோடு சரி. நம் தன்னார்வலருக்கோ யாருக்குப் பென்ஷன் நின்றுபோனது, யார் வீட்டில் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அத்துப்படி. அதை எங்கே சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

துணை சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் இ-சேவை ஆள் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்தாலே பாதி அலைச்சல் குறையும். பெயர்களைத் தன்னார்வலர் சொன்னால் போதும், மனுவை இ-சேவை ஆள் பதிவார். அந்த வேலையையும் தன்னார்வலர் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. அவர் வாங்குவது சம்பளம்கூட இல்லை, மதிப்பூதியம்.