சுமாக் என்று சொல்லி மட்டி மரக் கன்றை விற்கிறார்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கேரள எல்லை தாண்டிப் போனால் சாலையோரம் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றில் போன வருஷம் ஜூன் மாதம் 3 கன்று வாங்கினேன். ஒன்று 650 ரூபாய். சுமாக் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சுமாக் என்றால், காயைப் பொடித்துப் புளிப்புக்காகச் சாப்பாட்டில் தூவுகிற செடி.

என் கொழுந்தன் ஷார்ஜாவிலிருந்து வரும்போதெல்லாம் சுமாக் பொடி ஒரு பொட்டலம் கொண்டு வருவார். கருஞ்சிவப்பாக, லேசான ஈரத்தோடு விரலில் ஒட்டும். வெங்காயத்தை வட்டமாக அரிந்து மேலே தூவினால் போதும், புளியோ எலுமிச்சையோ வேண்டாம். ஆப்பிளில் இருக்கிற மாலிக் அமிலம்தான் இதன் புளிப்பும். புளி சேர்த்தாலே நெஞ்சு எரிகிறது என்னும் என் மாமியாருக்கு இது ஒத்துக்கொண்டது. அவருக்காகத்தான் செடி தேடினேன்.

கன்றில் ஒரு அட்டை தொங்கியது. சிவப்பு வெல்வெட் மாதிரி நிமிர்ந்து நிற்கிற பூங்கொத்துப் படம். “சேச்சி, ஒரிஜினல் ஆணு. ஆறு மாசத்துல காய்க்கும். தினம் ரெண்டு நேரம் வெள்ளம் ஊத்தணும். கொழுந்தைத் துவையல்லயும் போடலாம்” என்றார் கடைக்காரர். நம்பினேன். காம்பவுண்டு ஓரமாக, போர்வெல் பக்கத்தில் வைத்தேன்.

அது சாரல் காலம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மழை எங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கன்று வேர் அழுகிச் செத்தது. மற்ற இரண்டும் தைமாதத்துக்குள் என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டன. ஒரு நாள் துவையலுக்கு என்று கொழுந்தைக் கிள்ளி முதலில் நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கசப்பு. மாமியாருக்குக் கொடுக்கவில்லை, அது வரைக்கும் நல்லது.

அடுத்த தெருப் பெரியப்பா ஒருவர் கேரளத்தில் முப்பது வருஷம் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வந்து பார்த்ததும் சொன்னார்: “ஏ தாயி, இது மட்டிலா! இதுலதான மிளகுக் கொடி ஏத்துவோம். தீக்குச்சிக்கு வெட்டுற மரம். இத எதுக்குச் சுவரோரம் வச்ச?” பட்டையைக் கீறினால் மட்டிப்பால் வடியும், ஊதுவத்திக்குச் சேர்ப்பார்கள். அந்த மரம் 30 மீட்டர் வரை போகும். மசாலா சுமாக் மிஞ்சினால் 3 மீட்டர் வளர்கிற புதர்.

இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. இரண்டும் ஒரே காம்பில் வரிசை கட்டிய சிற்றிலைகள்தான். ஆனால் மசாலா சுமாக்கின் சிற்றிலை விளிம்பில் வேப்பிலை போலப் பல் இருக்கும். நுனிப் பக்கம் நடுக்காம்பின் இரு புறமும் மெல்லிய இறகு மாதிரித் தகடு ஓடும். என் கன்றில் விளிம்பு வழவழவென்று இருந்தது, தகடும் இல்லை.

அட்டையில் இருந்த படம் வேறு அமெரிக்கச் சுமாக்கினுடையது. அது வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே தோட்டம் முழுக்கப் பரவுகிற ஜாதி. அதில் ஆண், பெண் தனித்தனி, பெண் செடியில்தான் காய். ஆக, படம் ஒரு செடி, பேர் ஒரு செடி, பையில் இருந்தது இன்னொரு செடி.

நிஜமான மசாலா சுமாக் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. அங்கே மழை குளிர்காலத்தில், வெயில் காலம் வறட்சி. நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும்தான் அதற்கு வேண்டும். தினம் இரண்டு நேரம் தண்ணீர் என்று ஒருவர் சொன்னால் அவர் அந்தச் செடியைப் பார்த்ததே இல்லை. விதையிலிருந்து வளர்க்கலாம் என்றால் தோல் கெட்டி, வெந்நீரில் ஊறப்போட்டு, அப்புறம் குளிரிலும் வைத்து எடுத்தால்தான் முளைக்கும். இன்னொன்று: மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் சுமாக்கின் குடும்பம். மாம்பால் பட்டால் புண்ணாகிறவர்கள், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் பொடியைக் கூடக் கவனித்துத்தான் சாப்பிட வேண்டும்.

இலையோடு போய்க் கேட்டேன். “மண்ணு மாறினா இலையும் மாறும் சேச்சி” என்றார். பணம் தர மாட்டாராம், குரோட்டன்ஸ் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பில்லில் ‘செடி 3’ என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் வாங்கினால் செடியின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வாங்காதீர்கள்.

இரண்டு கன்றையும் பெரியப்பா வேரோடு எடுத்து, தெரிந்தவர் தோப்பில் மிளகுக்கு வைக்கக் கொண்டுபோனார். போன ஞாயிறு அந்த வழியாகப் பஸ்ஸில் வந்தேன். அதே அட்டையோடு பத்துப் பன்னிரண்டு கன்று முன்வரிசையில் நிற்கிறது.