"தையல் மெஷின் வேணும்": எங்கே, எப்படிக் கேட்டால் கிடைக்கும்?

மகள் டெய்லரிங் படிக்கிறாள். அவளுக்குப் பழைய கால் மெஷின் ஒன்று தேடினேன். வீடு நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம். ஆப், வாட்ஸாப், பெட்டிக்கடை என்று மூன்று இடத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பழைய பொருள் விற்கிற ஆப்பில் படம் உண்டு, விலை உண்டு. ஆனால் விற்றே தீருவது என்று முடிவு பண்ணினவர்கள்தான் அங்கே வருவார்கள். எனக்குப் பிடித்த மெஷின் மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வார்ப்பிரும்பு ஸ்டாண்டை பைக்கில் கட்டிக்கொண்டு வரவா முடியும்? குட்டியானை வண்டி வாடகையைச் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் அட்வான்ஸ் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது தெரு வாட்ஸாப் குரூப். முதலில், "பழைய தையல் மெஷின் யாரிடமாவது இருந்தால் சொல்லவும்" என்று போட்டேன். நாலு கட்டைவிரல் வந்தது. பிறகு குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விட்டது.

பத்து நாள் கழித்து இப்படிப் போட்டேன்: "மகள் தையல் பழக கால் மெஷின் வேண்டும். பலகை பழுதானாலும் பரவாயில்லை, ஸ்டாண்ட் நன்றாக இருந்தால் போதும். பெல்ட், ஊசி நானே மாற்றிக்கொள்வேன். 2,500 ரூபாய் வரை தரலாம். ஞாயிறு சாயங்காலம் ஆட்டோவோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்."

அரை மணி நேரத்தில் மூன்றாவது வீட்டு அக்கா கூப்பிட்டார். "எங்க மாமி மெஷின் மாடியில சும்மா கிடக்கு மக்கா. துரு பிடிச்சிருக்கும், வந்து பாரு."

முதல் செய்தியையும் அவர் பார்த்திருந்தாராம். துருப்பிடித்ததை எப்படிக் கொடுப்பது, மாடியிலிருந்து யார் இறக்குவது என்று பேசாமல் இருந்திருக்கிறார். விலை கேட்டால், "நீ பாத்துக் குடு" என்பார். அந்தச் சங்கடத்தையும் 2,500 என்ற எண் தீர்த்துவிட்டது.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டுகிற ஊர். டிராயர் ஊதி இறுகிப்போயிருந்தது. தட்டித் தட்டித் திறந்தால் உள்ளே துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் ஒரு துண்டு, இரண்டு பாபின். சக்கரம் அசையவில்லை. மெஷின் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் சுற்றியது. கடற்கரைப் பக்கம் வாங்குவதாக இருந்தால் ஸ்டாண்டின் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் தின்னும்.

மூன்றாவது வழி, பெட்டிக்கடையில் சொல்லி வைப்பது. வாட்ஸாப் பார்க்காத பெரியவர்களிடம் சேதி போவது இப்படித்தான். மெதுவாகப் போகும், போகிற வழியில் மாறியும் போகும். எனக்கு வந்தது ஒரு வாஷிங் மெஷின். தெரிந்த மனிதர் வேறு, வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது.

என் ஓட்டு வாட்ஸாப்புக்குத்தான், அதுவும் அந்த இரண்டாவது செய்திக்கு. ஃபிரிட்ஜ் மாதிரி மாடல் பார்த்து வாங்குகிற பொருளுக்கு மட்டும் ஆப்.

பொருள் வந்ததும் "கிடைத்துவிட்டது" என்று போட வேண்டும். நான் மறந்துவிட்டேன். நேற்றுகூட ஒரு அண்ணன் கூப்பிட்டு மெஷின் இன்னும் வேணுமா என்றார். இந்த முறை தையல் மெஷினேதான்.